கடை புறக்கோட்டையில், ஸ்டோர் வத்தளையில்: மாறும் ஐபியிலேயே சைட்-டு-சைட் விபிஎன் போடுவது எப்படி

புறக்கோட்டையில் கடை, வத்தளையில் ஸ்டோர். கடையில் இருக்கிற பில்லிங் சேர்வரை ஸ்டோரில் இருந்து திறக்க வேண்டும், ஸ்டோர் கமராவைக் கடையில் இருந்து பார்க்க வேண்டும், முடிந்தால் இரண்டு இடத்து ஐபி போனும் ஒன்றையொன்று கூப்பிட வேண்டும். இதற்கு வேண்டியது சைட்-டு-சைட் விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியாக இரண்டு இடத்து நெட்வேர்க்கையும் இணைக்கிற பூட்டிய பாதை (டனல்). யாரிடமாவது கேட்டால் முதலில் வருகிற பதில், "ரெண்டு பக்கமும் ஸ்டாட்டிக் ஐபி எடுங்கோ" என்பதுதான். ஸ்டாட்டிக் ஐபி என்றால் மாறாத இன்டர்நெட் முகவரி. இரண்டு இணைப்புக்கும் மாதாமாதம் மேலதிகக் காசு கட்ட வைக்கிற பதில் அது. தேவையே இல்லை. ஐபி மாறுவதைச் சமாளிக்கலாம். இரண்டில் ஒரு பக்கமாவது வெளியில் இருந்து எட்டக்கூடிய பப்ளிக் ஐபியில் இருக்கிறதா என்பதுதான் இங்கே உயிர்நாடி. அது இருந்தால் மிச்சம் ஒரு பின்னேர வேலை. இல்லாவிட்டால் எத்தனை வீடியோ பார்த்து எத்தனை விதமாக செட்டிங் போட்டாலும் இந்த முறையில் டனல் எழும்பாது.

கீழே சொல்லப்போவது மைக்ரோடிக் ரவுட்டர் இரண்டு, அதில் வயர்கார்ட் விபிஎன். ஏன் வயர்கார்ட் என்றால், எதிர்ப்பக்கத்தின் ஐபி மாறினாலும் சரியான சாவியோடு ஒரு பாக்கெட் வந்ததும் "சரி, ஆள் இப்போது இங்கே இருக்கிறார்" என்று அது தானாகவே முகவரியை மாற்றிக்கொள்ளும். பழைய விபிஎன் முறையான ஐபிசெக்கில் இதே வேலையைச் செய்ய அதிகம் மெனக்கெட வேண்டும். ஏன் மைக்ரோடிக் என்றால், விலை கட்டுப்படியாகும், மாறும் ஐபிக்கு ஒரு மாறாத பெயரைக் கொடுக்கிற டிடிஎன்எஸ் இலவசமாக உள்ளேயே இருக்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி விசாரித்தால் புதிதோ பழையதோ ஏதாவது கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் பதிப்பு 7 ஓட வேண்டும். பதிப்பு 6இல் வயர்கார்ட் கிடையாது. உங்களிடம் ஓபன்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருளோ லினக்ஸ் பெட்டியோ ஏற்கனவே இருந்தால் அதுவும் போதும், பெயர்களும் மெனுக்களும் மாறுமே தவிர யோசனை ஒன்றுதான்.

முதலில் ஐபியைப் பாருங்கள், பெட்டியைப் பிறகு வாங்கலாம்

ரவுட்டரின் உள்ளே போய் வான் (இன்டர்நெட் வருகிற) பக்கத்தில் என்ன ஐபி வந்திருக்கிறது என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். பிறகு அதே இணைப்பில் இருக்கிற கணினியில், உங்கள் ஐபி என்ன என்று காட்டுகிற ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அதையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றா? நல்லது, அது பப்ளிக் ஐபி. வேறு வேறா? அப்படியானால் ரவுட்டர் காட்டின ஐபியின் முன் இலக்கங்களைக் கவனியுங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சிஜிநாட். ஒரே பப்ளிக் ஐபியை நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதற்காகவே 2012இல் ஒதுக்கிய தொகுதி அது. 10, 172.16 முதல் 172.31, 192.168 என்று தொடங்கினால் உடனே முடிவுக்கு வர வேண்டாம், ஏனென்றால் கம்பனி கொடுத்த ஃபைபர் பெட்டி உங்கள் ரவுட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த ஐபியைக் கொடுத்திருக்கலாம். அந்தப் பெட்டிக்குள் போய் அதன் வான் ஐபியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

4ஜி, 5ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் சிஜிநாட்தான். ஃபைபரில் பப்ளிக் ஐபி கிடைக்கிற வாய்ப்பு அதிகம், ஆனால் அதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் சிஜிநாட் என்று தெரிந்தால் ஹொட்லைனுக்கு ஒரு கோல் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் கேட்கிற விதத்தில் இருக்கிறது. "ஐபி வேணும்" என்றால் அவர்கள் உடனே ஸ்டாட்டிக் ஐபியின் மாதக் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். "மிஸ், எனக்கு ஸ்டாட்டிக் வேண்டாம், மாறினாலும் பரவாயில்லை, சிஜிநாட்டில் இருந்து எடுத்து பப்ளிக் ஐபியில் விடுவீங்களா?" என்று தெளிவாகக் கேளுங்கள். முதலில் பேசுகிறவருக்கு விளங்காவிட்டால் டெக்னிகல் டீமுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி சொல்லப்போகிற உதாரணத்தில் புறக்கோட்டைக் கடையில் ஃபைபர், பப்ளிக் ஐபி, ஆனால் மாறிக்கொண்டே இருக்கும். வத்தளை ஸ்டோரில் 4ஜி, சிஜிநாட். நம் ஊரில் இந்தச் சோடிதான் அதிகம், கஷ்டமும் இதில்தான். இதைச் சரியாகப் போட்டுவிட்டால் இரண்டும் பப்ளிக்காக இருக்கிற சோடி உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஒரே ஐபி வரிசை இரண்டு இடத்திலும் இருக்கக்கூடாது

கம்பனி பெட்டிகள் வருகிறபோதே 192.168.1 என்றுதான் வரும். கடையிலும் அது, ஸ்டோரிலும் அது. அப்படி இருந்தால் கடைக் கணினிக்கு 192.168.1.50 என்பது பக்கத்து மேசையா வத்தளையா என்று தெரியாது. அது எப்போதும் பக்கத்து மேசையைத்தான் தேடும். ஒரு பக்கத்தை மாற்றியே ஆக வேண்டும், மாற்றுகிறதுதான் மாற்றுகிறோம், இரண்டையும் மாற்றிவிடுங்கள்: கடைக்கு 192.168.10.0/24, ஸ்டோருக்கு 192.168.20.0/24, டனலுக்குள் 10.99.0.0/24. நாளைக்கு வெள்ளவத்தையில் இன்னொரு கிளை திறந்தால் அதற்கு 30 என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

உண்மையில் இந்த முழு வேலையிலும் ஆளை அலுப்படைய வைப்பது விபிஎன் இல்லை, இந்த ஐபி மாற்றம்தான். பிரிண்டருக்குக் கையால் ஐபி போட்டிருப்பார்கள், கமரா பதிவாகிற டிவிஆருக்குப் போட்டிருப்பார்கள், பில்லிங் சொஃப்ட்வெயாரின் ஒவ்வொரு கணினியிலும் சேர்வரின் ஐபியை எழுதி வைத்திருப்பார்கள், கார்ட் மெஷின் ஒன்றும் எங்கேயாவது இருக்கும். கடை திறந்திருக்கும் நாளில் இதில் கை வைத்தால் முதலாளி உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார். போயா நாளிலோ ஞாயிறு பின்னேரமோ செய்யுங்கள். போவதற்கு முன் ஒவ்வொரு சாமானின் பழைய ஐபி, புது ஐபி இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைப் பக்கம்: கதவைத் திறந்து வைப்பது

ஃபைபர் பெட்டியை என்ன செய்வது என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். நல்ல வழி, அதை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை அப்படியே கடத்திவிடுகிற நிலை) போட்டு, கம்பனி இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மைக்ரோடிக்கில் கொடுத்து இணைப்பை அதுவே எடுக்கும்படி செய்வது. அப்போது பப்ளிக் ஐபி நேராக உங்கள் ரவுட்டரில் வந்து உட்காரும். பிரிட்ஜ் மோட் கிடைக்காவிட்டால், அல்லது அதே பெட்டியில் டிவியும் லேண்ட்லைனும் ஓடுவதால் கை வைக்கப் பயமாக இருந்தால், பெட்டியில் இருந்து மைக்ரோடிக்குக்கு ஒரேயொரு யூடிபி போர்ட்டை (கீழே வருகிற 13231) ஃபோர்வேர்ட் பண்ணினால் போதும். யூடிபி. டிசிபி என்று போட்டுவிட்டு மணிக்கணக்காகத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அதோடு மைக்ரோடிக்கின் வான் பக்கத்துக்கு அந்தப் பெட்டி எப்போதும் ஒரே ஐபியைக் கொடுக்கும்படி ஐபி பங்கிடுகிற டிஎச்சிபியில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் ஃபோர்வேர்ட் வேறு சாமானுக்குப் போகும்.

அடுத்தது டிடிஎன்எஸ். மைக்ரோடிக்கில் ஐபி மெனுவுக்குள் கிளவுட் என்று ஒன்று இருக்கும். டிடிஎன்எஸ் எனேபிள் என்பதைக் கொடுத்து, அப்டேட் டைம் என்பதிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள் (ஏன் என்று பின்னால் வரும்). ரவுட்டரின் சீரியல் நம்பரில் தொடங்கி மைநெட்நேம் என்று முடிகிற நீளமான ஒரு பெயர் கிடைக்கும். அதுதான் இனிக் கடையின் விலாசம். ஐபி மாறியிருக்கிறதா என்று ரவுட்டர் 60 வினாடிக்கு ஒரு தடவை பார்க்கும், பெயரின் டிடிஎல்லும் (பழைய ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 60 வினாடிதான், ஆகவே உலகத்துக்குப் புது ஐபி தெரிய அதிக நேரம் எடுக்காது. பெயர் அசிங்கமாக இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள், அதை ஒரேயொரு இடத்தில்தான் எழுதப் போகிறோம். சொந்த டொமைன் இருந்து அதைக் கிளவுட்ஃப்ளேரில் வைத்திருந்தால் அங்கேயும் செய்யலாம், ஆனால் அங்கே வருகிற ஆரஞ்சு மேகக் குறியை அணைத்துவிட வேண்டும். அதன் புரொக்ஸி வழியாக வயர்கார்ட் போகாது. நோ-ஐபியின் இலவசக் கணக்கு என்றால் 30 நாளுக்கு ஒரு தடவை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லும். கடைக்கு அது சரிவராது, மறந்த நாளில் டனல் போய்விடும்.

இப்போது வயர்கார்ட் மெனு. புது இன்டர்ஃபேஸ் ஒன்று சேர்த்தால் பிரைவேட் கீ, பப்ளிக் கீ இரண்டையும் ரவுட்டரே உண்டாக்கும். லிசன் போர்ட் 13231 என்று வரும், அப்படியே விடலாம். பப்ளிக் கீயை மட்டும் கொப்பி பண்ணுங்கள்: 44 எழுத்து, கடைசியில் சமக்குறி இருக்கும், அந்தச் சமக்குறி விடுபட்டால் வேலை செய்யாது. பப்ளிக் கீயை வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பாதகமில்லை. பிரைவேட் கீ அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது. பிறகு ஐபி மெனுவில் அட்ரஸஸ் போய் அந்த இன்டர்ஃபேஸுக்கு 10.99.0.1/24 கொடுங்கள்.

ஃபயர்வோலில் இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வருகிறவற்றுக்கான விதிகள்) ஒரு விதி வேண்டும்: யூடிபி, டெஸ்டினேஷன் போர்ட் 13231, அக்ஸெப்ட். அதை எல்லாவற்றையும் தடுக்கிற கடைசி விதிக்கு மேலே இழுத்து வையுங்கள். கீழே கிடந்தால் அது வெறும் அலங்காரம். போர்ட்டைத் திறக்கிறோமே என்று பயப்பட வேண்டியதில்லை, சரியான சாவி இல்லாமல் வருகிற எதற்கும் வயர்கார்ட் பதிலே சொல்லாது. வெளியில் இருந்து ஸ்கேன் பண்ணுகிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு மாறாக மைக்ரோடிக்கை நிர்வகிக்கிற வின்பொக்ஸின் போர்ட் 8291 இன்டர்நெட் பக்கம் திறந்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். 2018இல் வின்பொக்ஸில் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுவதும் ஏராளமான மைக்ரோடிக்குகள் பிடிபட்டன.

ஸ்டோர்ப் பக்கம்: கூப்பிடுகிறவர்

வத்தளையிலும் அதேபோல் ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு 10.99.0.2/24. 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் மைக்ரோடிக் நின்றாலும் பரவாயில்லை, எத்தனை நாட் (ஒரு ஐபியைப் பலர் பங்கு போடுகிற ஏற்பாடு) இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் இங்கிருந்து வெளியேதான் போகிறோம், யாரும் உள்ளே வரப்போவதில்லை. போர்ட் ஃபோர்வேர்ட் ஒன்றும் வேண்டாம்.

பியர்ஸ் (எதிர்ப்பக்கம்) பகுதியில் கடையின் பப்ளிக் கீயைப் போடுங்கள். எண்ட்பாயிண்டில் அந்த நீளமான டிடிஎன்எஸ் பெயர், போர்ட் 13231. அலவ்ட் அட்ரஸில் (டனலுக்குள் அனுமதிக்கிற ஐபிகள்) இரண்டு: 10.99.0.1/32, 192.168.10.0/24. பெர்சிஸ்டண்ட் கீப்அலைவ் 25 வினாடி. இந்தக் கடைசியை விடவே கூடாது. சிஜிநாட் பெட்டிகள் சும்மா இருக்கிற யூடிபி தொடர்பைச் சீக்கிரம் மறந்துவிடும். மறந்தால் கடையில் இருந்து ஸ்டோருக்கு எதுவும் போகாது, ஸ்டோரில் இருந்து யாராவது ஏதாவது அனுப்பும்வரை. காலையில் கமரா தெரியவில்லை, பொடியன் கணினியைப் போட்டதும் தெரிகிறது என்று யாராவது சொன்னால் காரணம் அநேகமாக இதுதான்.

கடைப் பக்கத்து பியரில் ஸ்டோரின் பப்ளிக் கீ, அலவ்ட் அட்ரஸில் 10.99.0.2/32, 192.168.20.0/24. எண்ட்பாயிண்டை வெறுமையாக விடுங்கள். ஸ்டோரின் ஐபியைத் தெரிந்துகொண்டும் பிரயோசனமில்லை, அங்கே கதவு கிடையாது.

லினக்ஸில் பழகினவர்கள் இந்த இடத்தில் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள், ஏனென்றால் அங்கே அலவ்ட் ஐபி போட்டால் ரூட்டும் (எந்த ஐபிக்கு எந்த வழி என்ற குறிப்பு) சேர்ந்தே வந்துவிடும். மைக்ரோடிக்கில் வராது. ஐபி, ரூட்ஸ் போய்க் கையால் போட வேண்டும்: கடையில் 192.168.20.0/24 என்பதற்கு கேட்வே வயர்கார்ட் இன்டர்ஃபேஸ், ஸ்டோரில் 192.168.10.0/24 என்பதற்கு அதேபோல. இன்னொன்று, மைக்ரோடிக்கின் வழக்கமான ஃபயர்வோல், லேன் (உள்பக்கம்) பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸில் இருந்து ரவுட்டருக்கே வருகிறவற்றில் பிங்கை (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கிற பாக்கெட்) விட்டுவிட்டு மிச்சத்தைத் தடுக்கும். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும்: ஸ்டோரில் இருந்து 10.99.0.1 பிங் ஆகும், ஆனால் அதே ஐபியில் வின்பொக்ஸ் திறக்காது. இரண்டு பக்கத்திலும் இன்டர்ஃபேஸ் லிஸ்டில் வயர்கார்ட் இன்டர்ஃபேஸை லேன் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இரண்டும் உங்கள் இடங்கள்தானே. வேறொருவருடைய ஒஃபிஸோடு இணைக்கிறீர்கள் என்றால் மட்டும் இப்படிச் செய்யாமல், எந்த ஐபிக்கு எந்த போர்ட் என்று தனித்தனி விதி எழுதுங்கள்.

சரி, பியரில் லாஸ்ட் ஹேண்ட்ஷேக் (இரண்டு பக்கமும் கடைசியாகக் கைகொடுத்த நேரம்) என்ற இடத்தில் நேரம் ஓடத் தொடங்கினால் டனல் எழும்பிவிட்டது. டேட்டா போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அது புதுப்பிக்கப்படும். மூன்று நிமிடத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தால் டனல் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். டிஎக்ஸ் (அனுப்பியது) ஏறுகிறது, ஆர்எக்ஸ் (வந்தது) பூச்சியம் என்றால் போர்ட் வந்து சேரவில்லை அல்லது சாவி மாறிவிட்டது. ஹேண்ட்ஷேக் இருக்கிறது, பிங் இல்லை என்றால் அலவ்ட் அட்ரஸ், ரூட், ஃபயர்வோல் மூன்றில் ஒன்று. பிங் பார்க்கும்போது முதலில் எதிர்ப்பக்க ரவுட்டரின் லேன் ஐபி, அடுத்து பிரிண்டர், கடைசியாகத்தான் விண்டோஸ் கணினி. விண்டோஸ் ஃபயர்வோல் வேறு ஐபி வரிசையில் இருந்து வருகிற பிங்கை வழக்கமாகவே தடுக்கும். டனலில் பிழையே இல்லாமல் டனலைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிற ஆட்கள் இதனால்தான்.

ஐபி மாறுகிற அந்த நேரம்

பலர் எழுதுகிற வழிகாட்டிகள் ஹேண்ட்ஷேக் வந்ததும் முடிந்துவிடுகின்றன. ஆனால் மாறும் ஐபி விபிஎன்னுக்கு உண்மையான சோதனை அன்றைக்கு வராது. ஒருநாள் விடியற்காலை ஃபைபர் இணைப்பு விழுந்து எழும்பும், கடைக்கு வேறு ஐபி வரும். டிடிஎன்எஸ் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனாலும் டனல் வராது. ஏன்?

வயர்கார்டுக்குப் பெயர் என்று ஒன்று தெரியாது, ஐபி மட்டும்தான் தெரியும். நீங்கள் எண்ட்பாயிண்டில் பெயரைப் போட்டால், தொடங்குகிற நேரத்தில் அதை ஒரு தடவை ஐபியாக மாற்றி வைத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கும். கடை வீடு மாறிவிட்டது, ஸ்டோரோ பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த ஐபி மாற்றத்தைத் தானாகப் பிடிக்கிற குணம் என்று மேலே சொன்னேனே, அது என்ன ஆயிற்று? கடைக்குப் புது ஐபி வந்ததும், கடை ஸ்டோருக்கு ஒரு பாக்கெட் அனுப்பி அது போய்ச் சேர்ந்தால் ஸ்டோர் மாற்றிக்கொள்ளும்தான். ஆனால் ஸ்டோர் சிஜிநாட்டுக்குள் இருக்கிறது. அறிமுகமில்லாத புது ஐபியில் இருந்து வருகிற பாக்கெட்டை அந்த நாட் பெட்டி பெரும்பாலும் உள்ளே விடாது. ஆகவே இந்தச் சோடியில் மருந்து ஸ்டோர்ப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது: பெயரை மறுபடி கேட்க வைக்க வேண்டும்.

இதற்கு, மறுபக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற நெட்வொச் போடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. நெட்வொச்சின் டவுண் ஸ்கிரிப்ட், இருந்தது இல்லாமல் போகிற அந்த ஒரு கணத்தில் ஒரே தடவைதான் ஓடும். அந்த நேரத்தில் டிடிஎன்எஸ் இன்னும் மாறியிருக்காவிட்டால் பழைய ஐபியையே மறுபடி எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், இரண்டாம் தடவை முயற்சி பண்ணாது. சிஸ்டம் மெனுவில் இருக்கிற ஷெட்யூலர் நல்லது. இடைவெளி 2 நிமிடம். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 10.99.0.1க்கு ஐந்து பிங் அனுப்பு; ஒன்றுகூடத் திரும்பி வராவிட்டால் கடை பியரை டிஸேபிள் பண்ணு, மூன்று வினாடி பொறு, திரும்ப எனேபிள் பண்ணு. எனேபிள் ஆகும்போது பெயரைப் புதிதாகக் கேட்கும். ஷெட்யூலரில் ரீட், ரைட், டெஸ்ட் என்ற மூன்று அனுமதிக்கும் டிக் போடுங்கள். டெஸ்ட் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட்டுக்குள் பிங் ஓடாது, ஓடவில்லை என்று உங்களுக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மோசமான நேரத்தில்கூட நான்கைந்து நிமிடத்தில் டனல் திரும்பிவிடும். லினக்ஸ் என்றால் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வயர்கார்ட் டூல்ஸோடு வருகிறது, அதை டைமரில் போடலாம். ஓபன்சென்ஸில் கிரோன் (நேரம் வைத்து ஓடும் வேலைகள்) பட்டியலில் இதற்கான வேலை தயாராகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டோர் ரவுட்டரின் சொந்த டிஎன்எஸ், டனலுக்கு அந்தப்பக்கம் கடையில் இருக்கிற சேர்வரைக் காட்டக்கூடாது. டனல் விழுந்தால் பெயரைக் கேட்க முடியாது, பெயரைக் கேட்காமல் டனல் வராது. கணினிகளுக்கு எதைக் கொடுத்தாலும் ரவுட்டருக்கு 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற ஒன்று இருக்கட்டும்.

செய்து முடித்ததும் கடையில் பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை டிஸேபிள் பண்ணி எனேபிள் பண்ணுங்கள். ஐபி மாறியதா என்று பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் டனல் தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் வேலை முடியவில்லை, சாமானைக் கட்ட வேண்டாம். இந்த வேலையைக் கடையில் நின்றே செய்யுங்கள். ஸ்டோரில் இருந்து டனல் வழியாகக் கடை ரவுட்டருக்குள் போய் அதன் இணைப்பைத் துண்டிப்பது, உட்கார்ந்திருக்கும் கொப்பை வெட்டுகிற வேலை.

இரண்டு பக்கமும் பப்ளிக் ஐபி என்றால் இரண்டிலும் டிடிஎன்எஸ், இரண்டு பியரிலும் எண்ட்பாயிண்ட், இரண்டிலும் கீப்அலைவ் போடுங்கள். ஒரு பக்கம் மாறினால் அந்தப் பக்கமே மற்றதைத் தேடிப் போய்விடும், பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே வராது. இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால்தான் சிக்கல். அப்படி எப்போது நடக்கும் என்று கேட்கிறீர்களா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் கரண்ட் போனதே, அப்போது நடக்கும். ஆகவே அந்த ஷெட்யூலரை இரண்டு பக்கமும் போட்டு வையுங்கள்.

கரண்ட் என்றதும் மணிக்கூடு

வயர்கார்ட் ஹேண்ட்ஷேக்கில் நேரமும் சேர்ந்து போகும். ஒரு பியரிடம் இருந்து கடைசியாக வந்த நேரத்தை விடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறான் என்று நினைத்து மறுபக்கம் தள்ளிவிடும். சின்ன மைக்ரோடிக்குகளில் மணிக்கூட்டுக்கு பற்றரி கிடையாது. ஸ்டோரில் மட்டும் கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் பழைய நேரத்தோடு எழும்பும், கடை அதை ஏற்காது, இன்டர்நெட் வேலை செய்யும் ஆனால் டனல் மட்டும் வராது. நேரம் சரியானதும் தானாக வந்துவிடும் என்பதால் காரணத்தைப் பிடிப்பதும் கஷ்டம். கிளவுட் மெனுவில் அப்டேட் டைம் டிக் போடச் சொன்னது இதற்காகத்தான். ஸ்டோரிலும் அதைப் போடுங்கள், கூடவே என்டிபி கிளையண்டையும் எனேபிள் பண்ணி ஒரு டைம் சேர்வர் கொடுத்துவிடுங்கள்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது வாங்கின 12 வோல்ட் மினி யூபிஎஸ் எங்கேயாவது தூசி பிடித்துக் கிடந்தால் எடுங்கள். மைக்ரோடிக்கின் பழைய ஹெக்ஸ், அதாவது ஆர்பி750ஜிஆர்3, 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், அதனால் கூட வருகிற 24 வோல்ட் அடப்டர் இல்லாமல் அந்த யூபிஎஸ்ஸிலேயே ஓடும். ஃபைபர் பெட்டியையும் அதிலேயே போட முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. அதற்கு முன் பெட்டியின் அடப்டரில் எத்தனை வோல்ட் என்று வாசித்துவிட்டுச் சொருகுங்கள்.

பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை

இது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. வயர்கார்ட் 1420 என்று எடுத்துக்கொள்ளும். ஐபிவி4 மேல் போனால் ஒவ்வொரு பாக்கெட்டோடும் 60 பைட் சேரும், ஆக 1480. பிபிபிஓஇயின் 1492க்குள் அடங்கிவிடும், கவலை இல்லை. ஐபிவி6 மேல் போனால் 80 சேர்ந்து 1500 ஆகும், அடங்காது, 1412 ஆக்க வேண்டும். 4ஜி பக்கம் இன்னும் குறைவாகத் தேவைப்படலாம். கணினியில் இருந்து, துண்டாக்காதே என்ற தெரிவோடு 1392 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள், அது தலைப்பு 28ஐயும் சேர்த்தால் சரியாக 1420. போகாவிட்டால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து போகிற எண்ணைக் கண்டுபிடித்து, 28ஐக் கூட்டி, அதை இரண்டு பக்க இன்டர்ஃபேஸிலும் போடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் நேராக 1380 போட்டுவிட்டுப் போகலாம், வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு பக்கமும் சிஜிநாட் என்றால்

மூன்றாம் இடம் ஒன்று வேண்டும். சிங்கப்பூரிலோ மும்பாயிலோ ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைச் சேர்வர்) எடுத்து, கடை, ஸ்டோர் இரண்டும் அதைக் கூப்பிடும்படி போடலாம். விபிஎஸ்ஸின் ஐபி மாறாது என்பதால் மேலே சொன்ன ஷெட்யூலர் கூத்தே தேவையில்லை. ஆனால் புறக்கோட்டையில் இருந்து வத்தளைக்குப் போகிற டேட்டா கடல் தாண்டிப் போய் வரும். பில்லிங்குக்குப் பரவாயில்லை, கமராவுக்கு டேட்டா கணக்கு ஏறும். டெய்ல்ஸ்கேல், ஸீரோடியர் போன்ற விபிஎன் சேவைகள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தே நேரடி வழி கண்டுபிடிக்க முயற்சி பண்ணும், முடியாவிட்டால் நடுவில் ஒரு ரிலே வழியாகப் போகும். மைக்ரோடிக்கில் ஸீரோடியர் ஆர்ம் சிப் உள்ள மொடல்களில் மட்டும்தான் ஓடும், அந்தப் பழைய ஹெக்ஸில் ஓடாது.

ஒரு பக்கத்தில் தலைமை அலுவலகத்தின் ஃபயர்வோல், அதில் ஐபிசெக் மட்டும்தான் என்றால் அதன் சாவிப் பரிமாற்ற முறையில் புதியதான ஐகேஇவி2 எடுங்கள். அடையாளமாக ஐபியைக் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுங்கள், பப்ளிக் பக்கம் பதில் மட்டும் சொல்லட்டும், டிபிடியை (மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) ஓன் பண்ணுங்கள். ஐகேஇவி1இல் முன்பகிர்ந்த சாவியோடு அக்ரெஸிவ் மோட் போடச் சொல்கிற பழைய குறிப்புகள் நிறையக் கிடக்கின்றன. அதைச் செய்யாதீர்கள், சாவியின் ஹாஷ் வெளியே போய் ஆறுதலாக உடைக்கக் கிடைத்துவிடும்.

டனலில் எதை ஓட்டுவது

வேகம் என்பது அனுப்புகிற பக்கத்தின் அப்லோட் வேகம்தான், பில்லில் பெரிதாகப் போட்டிருக்கிற டவுன்லோட் இல்லை. அதனால் பில்லிங் சொஃப்ட்வெயாரின் டேட்டா ஃபைலை ஷெயார்டு ஃபோல்டராக ஸ்டோரில் இருந்து நேரே திறக்க வேண்டாம். மெதுவாக இருக்கும் என்பது மட்டுமில்லை, பாதியில் டனல் அறுந்தால் ஃபைல் கெட்டுப்போகலாம். கடைக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டொப் போட்டு அங்கேயே வேலை செய்யட்டும், திரையின் காட்சி மட்டும்தான் வந்துபோகும். கணினிகளைப் பெயரால் தேடினால் நெட்வேர்க் பட்டியலில் வராது, பிரோட்காஸ்ட் டனலைத் தாண்டாது, ஐபியால் கூப்பிடுங்கள்.

கமராதான் கடைசி வேலை, ஆனால் விடக்கூடாத வேலை. ஸ்டோர் டிவிஆரை இப்போது அதன் லேன் ஐபியாலேயே கடையில் இருந்து பார்க்கலாம். ஆகவே முன்பு யாரோ கமரா பூட்டும்போது ரவுட்டரில் திறந்துவிட்ட 8000, 37777 போன்ற போர்ட் ஃபோர்வேர்ட்களுக்கு இனி வேலை இல்லை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் பிடித்தது இப்படி வெளியே தெரிந்த டிவிஆர்களையும் கமராக்களையும்தான், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்து. இரண்டு ரவுட்டரிலும், முன்னால் நிற்கிற கம்பனிப் பெட்டியிலும் அந்த விதிகளை அழித்து, சாமான்கள் தாங்களாகவே போர்ட் திறக்க விடுகிற யூபிஎன்பியையும் அணைத்துவிட்டு, போனில் வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் பழைய கமரா விலாசத்தை அடித்துப் பாருங்கள். திறக்கக்கூடாது.